இனிஷியல்

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். சிரிக்காதீர்கள் மேடம், உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறவர்களின் சான்றிதழ்களையே வாங்கிப் பாருங்கள், இரண்டு பேராவது தேறுவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் அம்மாக்காரி, "ஏரி ஒடைஞ்சுதே சார், அதுக்கு மறு வருசம்" என்பாள். கருங்குழியில் எங்கள் தலைமையாசிரியர் ஆபிரகாம் சார் அதற்கு மேல் தோண்ட மாட்டார். பேனாவைத் திறந்து ஜூன் ஒன்று என்று எழுதுவார், வருடத்தைப் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துப் போடுவார். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் இருபத்தாறு பேர் 1984 ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். நானும் ஒருவன். உண்மையில் நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கான பதில் இந்த ஜூன் ஒன்றில் இருக்கிறது, அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். நான் அவசரப்பட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

கீக் கீக் என்றது என் போன்தான். மேசையில் அப்படியே இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

என் பெயர் ஹரிஹரன். வயது நாற்பத்தொன்று. படூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு கட்டடங்கள், உங்களுக்குத் தெரியும்: ஒன்று செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல், இன்னொன்று மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஈ.சி.ஆரில். பதினான்கு வருடமாக இரண்டுக்கும் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்வது நான்தான். யார் எந்த நோயாளி, என்ன ரத்தம், என்ன மருந்து ஆகாது, எல்லாம் என் பொறுப்பில் இருந்தது. டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். நான் ஒரு நாள் லீவு போட்டால் மூன்று பேர் போன் செய்வார்கள்.

இரண்டு கட்டடத்திலும் பட்டியல் தனித்தனியாக இருந்தது. ஒரே ஆளுக்கு இங்கே ஒரு நம்பர், அங்கே ஒரு நம்பர். தை மாதம் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார் டைரக்டர். அதற்கு நான் ஒரு புரொசீஜர் எழுதினேன். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிற கட்டளைகள், அவ்வளவுதான். சின்னக் கோயில்களில் மேளத்தையும் மணியையும் மோட்டாரில் மாட்டி வைத்திருப்பார்களே, சுவிட்சைப் போட்டால் ஆளே இல்லாமல் பூசைக்கு அடிக்கும், அது மாதிரி. எழுதியவன் வீட்டுக்குப் போய்விடலாம்.

பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு நம்பரும் ஒரே ஆள் என்பது கணக்கு. இனிஷியலையும் பார்க்கலாம்தான். ஆனால் நம் ஊரில் பெண்களுக்கு இனிஷியல் நிற்கிறதா? கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர், பின்னால் புருசன் பெயர். ஊரும் மாறிவிடும். அதனால், பெண்ணாக இருந்தால் இனிஷியலையும் ஊரையும் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தேன். வெளியூரிலிருந்து வந்து எழுதுகிறவனுக்கு இந்த வரி தோன்றியே இருக்காது. எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு பதிவிலும் ஏதாவது விவரம் முரண்பட்டால் பிந்தி எழுதியதை வைத்துக்கொள் என்று இன்னொரு வரி. அதுவும் நியாயமான வரிதான்.

ஓடவிட்டதில் நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி கிடைத்தது. ரெக்கார்டு ரூம் ஜெபசிங் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் அங்கே இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் சார் போட்டுத்தான் பேசுவார்.

"இன்னா ஹரி சார், பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? எங்க தெருவுலயே மூணு செங்கம்மா கீது. மூணு பேரையும் ஒரே பாய்ல படுக்க வெச்சுடுவீங்க போல கீதே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் டைரக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஜோடியையும் போன் போட்டுக் கேட்டு, கையால் சரிபார்த்து, பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பதினான்கு பக்கம். முதல் பக்கத்தில் பதினெட்டுப் பேருக்குப் போன் செய்தேன். பதினெட்டும் சரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் ஆட்கள் தெரியாமலா சொன்னார்கள்? மீதி பதின்மூன்று பக்கத்திலும் இனிஷியல் போட்டு, கடைசியில் "ஒவ்வொன்றும் என்னால் நேரடியாகச் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. சரியாக எழுதிய ஒன்றைச் சரிபார்ப்பது நேர விரயம்.

ஆனி மாதம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை செங்கல்பட்டு கவுன்டரில் ஒரே கூச்சல். பிரதீபா என்று ஒரு பெண், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பையன் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து எங்கள் மருத்துவமனையிலிருந்து அவள் போனுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வரவும் என்று. அவள் அப்பா கவுன்டர் கண்ணாடியை உடைக்காத குறை.

"எம் பொண்ணுக்கு இன்னும் தாலியே ஏறல. அதுக்குள்ள அஞ்சாம் மாசமாடா? இன்னா ஆஸ்பத்திரி நடத்திகினு கீறீங்க? எவன்டா அத்த அனுப்ச்சது, வரச் சொல்லு அவன!"

டைரக்டர் அவரை உட்காரவைத்து காபி வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்வாங்க, ஒரு மெசேஜுக்கு இந்தப் பாடா ஹரி" என்று சலித்துக்கொண்டார். அது பேரை இல்லை மேடம், வேரை. ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன். ஒரு எழுத்து மாறினால் மூலிகை தேடுகிறவன் கொலைகாரனாகிவிடுகிறான், யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

அன்றைக்கே புரொசீஜருக்கு டிரேஸ் போட்டேன். ஒவ்வொரு வரியாக நடத்தி, நிறுத்தி, அந்த இடத்தில் எந்தப் பெயர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்க்கிற வேலை. பொறுமை வேண்டும், எனக்கு அது உண்டு. முப்பத்தேழாவது வரி வரைக்கும் இரண்டு பிரதீபாக்கள் இருந்தார்கள். முப்பத்தெட்டாவது வரியைத் தாண்டினால் ஒருத்திதான். அது இனிஷியலை விடச் சொன்ன வரி. கல்யாணமாகாத பிரதீபாவும் வேறொருத்தன் மனைவி பிரதீபாவும் ஒரே பெண்ணாகியிருந்தார்கள். இருவருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று.

நான் படித்த பள்ளி, எனக்கே போட்ட ஜூன் ஒன்று, அது எனக்கு எப்படி மறந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. ஊரைத் தெரிந்தவன் என்று பெருமைப்பட்ட அதே வரியில்தான் ஊரை மறந்திருந்தேன்.

பிரதீபாவின் பதிவைப் பிரித்துவிட்டு, கவுன்டரில் யாரோ தட்டச்சில் செய்த தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "வேற எங்கயாவது இப்படி இருக்குமா?" என்று டைரக்டர் கேட்டார். இல்லை என்றேன். அந்த நிமிடத்தில் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை, ஆகவே இருக்கிறது என்று சொல்லியிருந்தால்தான் அது பொய்.

மதியம் எண்ணினேன். முப்பத்தொன்று. பிரதீபாவைக் கழித்தால் முப்பது நம்பர், ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள்.

அதில் ஒரு நம்பரைப் பார்த்ததும் எனக்கு ஆபிரகாம் சாரின் குரலே கேட்டது. எங்கள் பக்கம் எல்லையம்மனைக் கும்பிடுகிற வீடுகளில் ரேணுகா என்ற பெயர் இல்லாமல் இருக்காது. என் வகுப்பிலேயே இரண்டு பேர். சார் வருகைப் பதிவேட்டில் "த. ரேணுகா" என்பார், "உள்ளேன் ஐயா" என்று ஒரு கனத்த குரல் வரும். "மு. ரேணுகா" என்பார், கீச்சென்று ஒரு குரல் வரும். நாங்கள் பெரிய ரேணுகா, சின்ன ரேணுகா என்போம். பெரியவள் தனகோடி மகள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மதுராந்தகத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். சர்க்கரை, காலில் ஆறாத புண், செங்கல்பட்டில் கட்டு மாற்ற வருவாள். சின்னவள் முனுசாமி மகள். திருவிடந்தைப் பக்கம் வேன் ஓட்டுகிற ஜெயக்குமாரைக் கட்டிக்கொண்டு ஜெ. ரேணுகா ஆகிவிட்டாள், ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை. சின்னவளுக்கு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி ஒத்துக்கொள்ளாது. நான்கு வருடத்துக்கு முன்னால் கடற்கரைக் கட்டடத்தில் அதைப் பதிந்திருந்தார்கள். பெரியவளுக்கு அதே ஊசியைப் போன வருடம் மூன்று முறை போட்டு ஒன்றும் ஆகவில்லை, "ஒவ்வாமை: இல்லை" என்று எழுதியிருந்தார்கள். என் புரொசீஜர் பிந்தி எழுதியதை வைத்துக்கொண்டது.

சின்ன ரேணுகா ஒரு முறை எனக்கு காம்பஸ் பெட்டி இரவல் கொடுத்தாள். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போய்ச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. யாரிடம்? போன வருடம் மருந்தகத்தில் தமிழ்வாணன் என்று ஒருவர் இருந்தார். மருந்து இருப்பை எண்ணாமல் எண்ணியதாகக் கையெழுத்துப் போட்டார் என்று அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள். அவர் பொய்யை லாக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். லாக் என்பது ஒரு பதிவேடு. யார், எந்த நிமிடம், எந்த நோயாளியின் பதிவைத் திறந்தார், என்ன மாற்றினார் என்று தானாக எழுதிக்கொள்ளும். அழிக்க முடியாது. என்னாலும் முடியாது. அப்படிக் கட்டியதே நான், அதற்காக ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள். இப்போது நான் முப்பது பதிவையும் ஒரே நாளில் பிரித்தால் லாக்கில் என் பெயர் முப்பது முறை வரும். ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பதினான்கு பக்கத்தை எடுப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் நான் கட்டிய சுவர்தான் இருந்தது. அதற்கடுத்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை மேடம். பயமாக இருந்தது, வெறும் பயம்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி மருத்துவமனைக்கு வந்தால் பதிவைத் திறக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். போன் நம்பர் மாற்றினேன், முகவரி திருத்தினேன் என்று. அந்தச் சாக்கில் சத்தமில்லாமல் பிரித்துவிடலாம். ஆகவே அந்த முப்பது நம்பருக்கும் ஒரு மணி கட்டினேன். அவர்களில் யாராவது கவுன்டரில் பதிந்தால் என் போனில் ஒரு மணி. டாக்டர் பதிவைத் திறந்தால் இரண்டாவது மணி. மருந்தகத்திலிருந்து மருந்து வெளியே போனால் மூன்றாவது. முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் நான் வேலையை முடித்துவிடுவேன். பிரதீபாவோடு சேர்த்து இருபத்தொரு நம்பரைச் சரிசெய்தேன். ஒருவருக்கும் தெரியாது. அதில் எத்தனை பேர் உயிர் பிழைத்தார்களோ, யார் எனக்கு நன்றி சொன்னார்கள்?

இதோ மறுபடியும் அடிக்கிறது. இருக்கட்டும், நான் முடித்துவிடுகிறேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. போனை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போயிருந்தேன். பொங்கல் சூடாக இருந்தது, இன்னொரு கரண்டி வாங்கினேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. போனில் முதல் மணியும் இரண்டாவது மணியும் அடித்து முடிந்திருந்தன. ஜெ. ரேணுகா, கடற்கரைக் கட்டடம், பத்து நாற்பத்தொன்றுக்குப் பதிவு. பத்து ஐம்பதுக்கு டாக்டர் திறந்திருக்கிறார். மீன் கழுவும்போது முள் ஏறி, விரல் பழுத்து, கை வீங்கி, காய்ச்சல்.

பதிவைத் திறந்தேன். மாற்ற விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிற பதிவில், அவர் பார்த்த இரண்டாவது நிமிடம், கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஹரிஹரன் ஒவ்வாமையை மாற்றினான் என்று லாக்கில் ஏறினால் கண் தெரியாதவனுக்கும் புரிந்துவிடும். மூடினேன். வார்டுக்குப் போன் செய்யலாம் என்று ரிசீவரை எடுத்தேன். வார்டில் யார் சொன்னார்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் சார் என்பார்கள். வைத்துவிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு டாக்டர் இருந்தார், ஒரு நர்ஸ் இருந்தார், அவளுக்கே வாய் இருந்தது. மூன்று பேர் காவல் இருக்கிற இடத்தில் நாலாவதாக நான் ஏன் போக வேண்டும்?

பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வரி வரியாக வந்தது. பதினொன்று மூன்றுக்கு மூன்றாவது மணி அடித்தது, மருந்தகத்திலிருந்து அந்த ஊசி போய்விட்டது. பதினொன்று ஐந்து, ஒன்றும் இல்லை. பதினொன்று எட்டு, ஒன்றும் இல்லை. யாராவது நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பதினொன்று பன்னிரண்டுக்கு ஊசி போடப்பட்டது என்ற வரி வந்தது, கீழே நர்ஸ் ஷாரோனின் பெயரோடு. இறந்தது பதினொன்று நாற்பது.

வார்டில் நடந்தது எனக்கு விசாரணையில்தான் தெரியும். ஷாரோன் அழுதுகொண்டே சொன்னதை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். சின்ன ரேணுகா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"எனக்கு ஒரு ஊசி ஒத்துக்காதும்மா. ஒரு தபா மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சு. பேரு தெர்ல. உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிக்கிறாங்க, பாத்துக்க."

"பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்லன்னுதான் இருக்கு. இதே ஊசிய போன வருசம் மூணு வாட்டி போட்டிருக்கீங்க."

"அப்டியா? எனக்கு நெனப்பு இல்லியே. சரி, கம்ப்யூட்டர்ல கீதுன்னா சரியாத்தான் இருக்கும்."

மூன்று முறை போட்டதாக இருந்ததால் ஷாரோன் சோதனை ஊசியும் போடவில்லை. ஒவ்வாமை உண்டா என்று நோயாளியைக் கேட்டதற்கு அடையாளமாக ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், அதையும் அவள் அவசரத்தில் போடவில்லை. அறிக்கை எழுதும் பொறுப்பை எனக்குத்தான் கொடுத்தார்கள். "ஒவ்வாமைக் கேள்விக்கான கட்டம் டிக் செய்யப்படவில்லை" என்று எழுதினேன். அந்த அறிக்கையில் ஒரு பொய்யான வரி காட்டுங்கள் பார்ப்போம். ஷாரோனுக்கு வேலை போனது, நீங்களே வழக்கும் போட்டீர்கள். இருபத்தாறு வயது, வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஜெயக்குமார் ஒரு முறை என் அறைக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், யாரும் அங்கே செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

"சார், நீங்கதான கம்ப்யூட்டரு? அவ சொன்னாளாமே, கம்ப்யூட்டர்ல ஏத்திக் கீதுன்னு. அவ பொய் சொல்ற பொம்பள இல்ல சார். இருந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

"இல்லை" என்றேன். அவர் கேட்டதற்குப் பதில் அதுதான். "அப்போ அவதான் மறந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

மாட்டிக்கொண்டது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். ஒரே நம்பரில் இரண்டு பெண்கள் இருக்கும்போது ஒருத்தி செத்தால் மற்றவளும் செத்துவிடுகிறாள். இது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் விசாரணை நடக்கிற பதிவைத் தொட முடியாது. பெரிய ரேணுகா கட்டு மாற்ற வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். புண் வலித்ததால் ஒன்பதாம் நாளே வந்துவிட்டாள். கவுன்டரில் நம்பரைத் தட்டியிருக்கிறார்கள், "இறந்துவிட்டார்" என்று வந்திருக்கிறது. ஜெபசிங்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இன்னாங்க இது அக்குறும்பு? உசுரோட உங்க எதுர்ல நின்னுகினு கீறேன், செத்துட்டேன்றீங்க" என்று அந்தக் கனத்த குரல் என் அறை வரைக்கும் கேட்டது. உள்ளேன் ஐயா என்று சொன்ன அதே குரல்.

ஜெபசிங் என்னிடம் வந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஹரி சார், செத்தது ஜெ. ரேணுகா. வெளிய நிக்கிறது த. ரேணுகா. ரெண்டும் ஒரே நம்பர்ல கீது. ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் கேட்டேன்னு பதினாலு பக்கத்துல இனிஷியல் போட்டீங்களே சார். இவங்கள இன்னா கேட்டீங்க? அவங்கள இன்னா கேட்டீங்க?"

அவர் நேரே டைரக்டரிடம் போனார். வெளியிலிருந்து ஆள் வைத்து லாக்கை எடுத்தார்கள். நீங்கள் முன்னால் வைத்திருக்கிற தாள் அதுதான். பதிவைத் திறந்து பார்ப்பதையும் லாக் எழுதிக்கொள்ளும் என்று உங்களுக்கு முன்னமே சொன்னேன், எனக்கு அது அன்றைக்கு மறந்துவிட்டது. பத்து ஐம்பத்திரண்டிலிருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் ஜெ. ரேணுகாவின் பதிவை ஹரிஹரன் பதினான்கு முறை திறந்து பார்த்தான். ஒன்றும் மாற்றவில்லை. பதினான்கு பக்கத்துக்குப் பதினான்கு. தற்செயல்தான், எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கவில்லை.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். அவள் செத்துப்போவாள் என்று எனக்குத் தெரியும். நிறுத்த எனக்கு இருபது நிமிடம் இருந்தது. நிறுத்தவில்லை. ஷாரோன் மேல் தவறில்லை. இதைச் சொல்லிவிட்ட பிறகு மனசு லேசாக இருக்கிறது, உண்மைக்கு அந்தக் குணம் உண்டு.

மூன்றாவது முறை. கேட்டீர்களா?

சொல்கிறேன், வரிசைப்படி சொல்கிறேன் என்றுதானே சொன்னேன். முப்பத்தொன்றில் இருபத்தொன்றைப் பிரித்தேன், ஒன்று ரேணுகா. மீதி ஒன்பது. ஒன்பது நம்பர், பதினெட்டுப் பெண்கள். டைரக்டருக்குத் தெரியாது, வெளியிலிருந்து வந்தவர்கள் ரேணுகாவோடு நிறுத்திக்கொண்டார்கள், நீங்களும் கேட்கவில்லை. ஒரு அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், பதிவில் அது இல்லை. இன்னொருத்திக்கு ரேணுகாவுக்கு வந்ததே வரும். நாம் உட்கார்ந்ததும் அடித்தது முதல் மணி, அப்போது அவர்களில் ஒருவர் கவுன்டரில் பதிந்திருப்பார். இப்போது அடித்தது மருந்து வெளியே போன மணி. யார் என்று போனைத் திறந்தால் தெரியும். திறக்க என் கட்டைவிரல் வேண்டும், தருகிறேன், நான் ஒன்றும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுந்திருக்காதீர்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், ரைட்டர் சாரையும் கத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ரேணுகாவுக்கு மூன்றாவது மணிக்கும் ஊசிக்கும் நடுவில் ஒன்பது நிமிடம் இருந்தது, நமக்கு அது போதும்.

முதலில் எழுதியதை ஒரு தடவை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட வேண்டுமல்லவா? சரிபார்க்காமல் நான் எதிலும் போடுவதில்லை மேடம்.